கசெற்றின் மற்றப் பக்கம்

சிட்னியில் மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவைத் தாண்டின பிறகுதான் காலைக் கவனித்தேன். செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். சப்பாத்து அன்ரி வீட்டு வாசலில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க மனமில்லை. ஒரு பை, ஒரு போர்வை, செருப்பு. இதைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட இடங்களும் உண்டு. ஆனால் இவ்வளவு கோபத்தோடு எங்கிருந்தும் வெளிக்கிட்டதில்லை.

அன்ரி மன்னார்க்காரர். எனக்குச் சொந்தமில்லை. தங்க இடமில்லாமல் அலைகிறேன் என்று கோயிலில் அறிந்து, பின்வளவு அறையைத் தந்தவர். மூன்று கிழமை இருந்தேன். புல் வெட்டினேன், கூரைப் பீலி துப்பரவாக்கினேன், அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன்.

அவருடைய கணவர் போன வருடம் இறந்துபோனார். எண்பதுகளில் அந்த மனிதர் பஹ்ரைனில் ஏசி திருத்துகிற வேலை. கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் அந்த நாட்களில் கசெற்றில் பேசி, ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்த ஒன்றை, இடம்பெயர்ந்த வீடெல்லாம் காவிக்கொண்டு அன்ரி சிட்னி வரை வந்திருந்தார். ஒரு பக்கத்தில் அங்கிள் பேசுகிறார். வெக்கை, சாப்பாடு, பக்கத்துக் கட்டில்காரன் வாங்கின சின்னக் கொம்பியூட்டர், அதில் தானும் பழகுவது. கடைசியில், "மற்றப் பக்கத்தில உமக்கு ஒரு சாமான் வைச்சிருக்கிறன். வந்து காட்டுறன்" என்கிறார். மற்றப் பக்கத்தில் காதைக் கீறுகிற இரைச்சல் மட்டும்.

"வந்து காட்டினவரோ?" என்று கேட்டேன்.

"அந்தக் கொம்பியூட்டர் பெட்டி இல்லாமல் எப்பிடிக் காட்டுறது? என்ன அது எண்டு கேட்டால் சிரிப்பார். பிறகு சண்டை, ஓட்டம். நானும் கேட்கிறதை விட்டுட்டன்."

அங்கிளின் ஆண்டுத் திருப்பலிக்கு முதல் அதைப் பார்த்துவிட வேண்டும். அன்ரிக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மகனுக்குக் கொம்பியூட்டர் வேலைதான். அவனும் ஒருமுறை முயன்றிருந்தான். பூசை முடிந்து வருகிற சனத்துக்குத் தகப்பனுடைய குரலைப் போட்டுக் காட்டுவதற்காக, கசெற்றைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றி, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்தான். கையோடு கையாக மற்றப் பக்கத்தையும் சுத்தம் செய்தான். பிறகு அதை எமுலேற்றருக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை அம்மா, சும்மா நொய்ஸ்" என்றானாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் மலேசியாவில் ஒரு கடையில் இரண்டு வருடம் இதே வேலை செய்தவன். எமுலேற்றர் என்பது பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்கிற புரோகிராம். எந்த மெஷினாக நடிக்க வேண்டும், ஞாபகம் எவ்வளவு, கசெற்றை எப்படி வாசிக்க வேண்டும், என்ன வேகத்தில் ஓட வேண்டும், எல்லாவற்றையும் நாங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்துச் சின்னக் கொம்பியூட்டர்கள் புரோகிராமைக் கசெற்றில் சத்தமாகத்தான் பதியும். அந்த இரைச்சல்தான் அங்கிள் எழுதின புரோகிராம். அதை நீக்கினால் என்ன மிஞ்சும்?

விளங்கப்படுத்தினதும் அன்ரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, குரலைக் கழுவிறன் எண்டு கடிதத்தையே கழுவிப்போட்டானோ!"

நல்லவேளை, கசெற் அப்படியே இருந்தது. கொம்பியூட்டர் ஹோலில் இருந்தது. மகனுடையது. அன்ரி ஞாயிற்றுப் பூசை பார்ப்பதும் அதில்தான். "நான்தானே சொல்லுறன், போடும்" என்றார்.

மூன்று நாள் பிடித்தது. அன்ரியின் ரேடியோவின் கசெற் ஹெட்டை ஓடிக்கொலோன் போட்டுத் துடைத்து, வயரால் கொம்பியூட்டரோடு இணைத்தேன். சத்தத்தைக் கூட்டினால் பிழை, குறைத்தால் பிழை. மெஷின் வகையை மாற்றினேன், ஞாபகத்தை மாற்றினேன். மூன்றாம் நாள் பின்னேரம் திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடத் தொடங்கின. அன்ரி செபமாலையை எடுத்துவிட்டார். ஏறி முடிந்தது. முதல் வேலையாக அதைச் சேமித்தேன். பிறகு ஓடவிட்டேன்.

திரை ஒருதரம் மின்னி வெறுமையானது.

"என்ன அது மின்னினது?"

"படம் அன்ரி. கண்ணுக்குப் பிடிபடாமல் போகுது."

மகன் தான் முயன்ற நாளில் வேகத்தை உச்சத்தில் வைத்திருந்தான். கசெற் ஏறும்வரை பொறுக்க அவனால் முடியவில்லை. அந்தப் பழைய மெஷின் ஆறுதலாகக் கோடு கோடாகக் கீற வேண்டியதை இது கண்சிமிட்டுகிற நேரத்தில் கீறி அழித்துக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க மெனுவைத் திறந்த நேரம் அவன் உள்ளே வந்தான்.

"ஆர் என்ர கொம்பியூட்டரைத் தொட்டது?"

"நான்தான் சொன்னனான்" என்றார் அன்ரி.

அவன் வயரைப் பிடுங்கினான். "அம்மா, இந்த ஆள் உங்களைப் பேய்க்காட்டுறார். இங்க இருந்து சாப்பிடுறதுக்கு ஒரு கதை வேணும், அவ்வளவுதான்."

"செற்றிங்ஸில வேகத்தைக் குறைச்சால் வரும்" என்றேன்.

"நீங்கள் எனக்குச் செற்றிங்ஸ் சொல்லித்தாறீங்களோ?" என்று சிரித்தான்.

"ஓம். தகப்பன்ர கடிதத்தைச் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்ச ஆளுக்கு ஆரும் சொல்லித்தரத்தானே வேணும்."

தாய்க்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் கறுத்தது. "உங்கட சாமானை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ" என்றான். அந்த மரியாதையில்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அன்ரி கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தார். மகனைத் தடுக்கவில்லை. மூன்று கிழமை அவர் கையால் சாப்பிட்டவன், அவரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே படி இறங்கினேன்.

ரெயினில் ஏறவில்லை. ஒரு இடத்தில் இருக்க உடம்பு கேட்கவில்லை. ஒரு கிளிக். அவன் ஒரு நிமிடம் பிந்தி வந்திருந்தால் போதும். அதையே நினைத்து நினைத்து ஹோம்புஷ் வரை நடந்தேன். செருப்பு வார் கடித்து இரத்தம் வந்தது. அங்கே தோசைக் கடையில் வேலை செய்கிற திருச்சிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம்.

"என்ன பாஸ், நடந்தேவா வந்தீங்க? மூஞ்சியப் பாத்தா யாரையோ கொன்னுட்டு வந்த மாதிரி இருக்கு."

"கொல்லேல்லை. இடமும் இல்லை, வேலையும் இல்லை."

"இங்க படுத்துக்கங்க. செவன் ஹில்ஸ்ல ஒரு யார்டுல ஆள் கேக்குறாங்க. மரத்தட்டு உடைக்கணும். போறீங்களா?"

"போறன்."

"பூட்ஸ் இருக்கா?"

இல்லை. அவருடையதைத் தந்தார். ஒரு அளவு சின்னது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அந்த யார்டில் நின்றேன். லொறிகளில் வருகிற, சரக்கு அடுக்கி உடைந்துபோன மரத்தட்டுகளை அலவாங்குக் கம்பியால் பிரித்து, ஆணி பிடுங்கி, நல்ல பலகையை வேறாக அடுக்க வேண்டும். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்று போர்மன் முதலிலேயே சொல்லியிருந்தான். பத்து மணிக்கு அன்ரி போனில் அழைத்தார்.

"தம்பி, உம்மட சப்பாத்து இங்க கிடக்கு."

"கிடக்கட்டும்."

"கோபமோ?"

"ஓம்."

"எனக்கும்தான். அவன் வேலைக்குப் போட்டான். நான் இப்ப அவன்ர கதிரையில இருக்கிறன். எதை அமத்திறது எண்டு சொல்லும்."

அலவாங்கைக் கீழே வைத்தேன். மெனுவைத் திறக்கச் சொன்னேன். 'ஸ்பீட்' என்று இருக்கிற இடத்தைத் தேடச் சொன்னேன்.

"இருக்கு. மாக்ஸ் எண்டு கிடக்கு."

"அதை நூறு வீதம் ஆக்குங்கோ."

"நூறு எண்டால் கூடத்தானே?"

"இல்லை அன்ரி. நூறு எண்டால் அங்கிள் செய்த நாளில அந்தப் பழைய மெஷின் ஓடின வேகம்."

போர்மன் என்னைக் கண்டுவிட்டான். கையை ஆட்டியபடி வந்தான். சேமித்த கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

"கோடு ஒண்டு வருது" என்றார் அன்ரி. "இன்னொண்டு. ஆறுதலாக் கீறுறார். கூரை... வீடு தம்பி, வீடு கீறுறார். கதவு வைக்கிறார். சமைக்கிற குசினியைக் காணேல்லை."

"பொறுங்கோ, இன்னும் முடியேல்லை."

போர்மன் முன்னால் வந்து நின்றான். போனை வை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றான். போக எனக்கு வீடா இருந்தது?

"பக்கத்தில சின்னனா இன்னொரு கூரை. குசினி தம்பி" என்றார் அன்ரி. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

போனை வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டேன். மகன் மேலிருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அலவாங்கை எடுத்து அடுத்த தட்டுக்குள் செருகினேன்.