மூன்றாவது இடத்து வாளி

தலைமைப் பண்பு எனக்கு ஏழாம் வகுப்பில் வந்தது. சுமார் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சித்தப்பாவுக்கு அப்போது கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட வேண்டும் என்று ஆசை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சைக்கிள் செயினுக்கும் உடைந்த ரேடியோவுக்கும் நடுவிலிருந்து, நிர்வாகம் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அட்டை கிடையாது. பிரவுன் பேப்பர் போட்டு, முதல் பாடத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். மீதியை நான் படித்தேன். அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. தலைவன் தானே சுமை தூக்கக் கூடாது. வேலைக்கு ஆகாத எதுவும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முதலாவதைப் பிறந்ததிலிருந்தே கடைப்பிடித்து வந்தேன். இரண்டாவதற்குத்தான் ஒரு கம்பெனி தேவைப்பட்டது.

தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குடிதண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு இரண்டு குடம். விடிந்ததுமே பிளாஸ்டிக் குடங்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் மூன்றாவதாக எப்போதும் ஒரு தகர வாளி. துருப்பிடித்தது. அடியே இல்லை, தூக்கிப் பார்த்தால் அதன் வழியே தெரு தெரிந்தது. தண்ணீர் பிடிக்க முடியாத வாளிக்கு வரிசையில் என்ன வேலை? எனக்குள் இருந்த மேனேஜர் விழித்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்காவிடம் விசாரித்தேன்.

"அது யார்துமில்ல கண்ணு. அது பாட்டுக்குக் கீது, உனுக்கு இன்னா?"

யாருடையதும் இல்லை, வேலைக்கும் ஆகாது. பக்கத்துத் தெருவில் லாரி ஹாரன் கேட்டு எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், வாளியைச் சாக்கடை ஓரம் கடாசிவிட்டு, குடங்களை நகர்த்தி இடைவெளியை மூடினேன். வரிசை சரசரவென்று நகர்ந்தது. எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

லாரி காலியாகிப் போன பிறகுதான் எதிர்வீட்டு அக்கா கேட்டார். "ஆமா, டீச்சருக்கு யாரு புட்ச்சது?"

கடைசி வீட்டு டீச்சருக்குக் காலில் மாவுக்கட்டு. கூட யாரும் இல்லை. அப்படி யாராவது வர முடியாமல் போனால், அந்த வாளி பைப் அருகே வரும்போது அவர்களுக்கு இரண்டு குடம் பிடித்துக் கொடுப்பது தெருவின் வழக்கமாம். அன்று வாளி வரவில்லை. அவசரத்தில் டீச்சர் ஞாபகமும் யாருக்கும் வரவில்லை. சாக்கடை ஓரம் கிடந்த வாளியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அம்மா எங்கள் குடங்களில் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என்னை எடுத்து வரச் சொன்னாள். தலைவன் சுமை தூக்கக் கூடாதென்று புத்தகத்தில் போட்டிருப்பதை முணுமுணுத்துப் பார்த்தேன்.

"தலைவரே, சிந்தாம தூக்கிட்டு வாங்க."

தெருக்கோடி வரை தூக்கினேன். அன்று எங்கள் வீட்டில் உப்புக் கிணற்றுத் தண்ணீரில்தான் காபி. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, என்னிடமிருந்த புத்தகத்தை வாங்கி அலமாரி உச்சியில் வைத்தார்.

அடுத்த முறை லாரி வந்தபோது வாளி பழையபடி மூன்றாவதாக நின்றது. ஒரு நல்ல வாளியாவது வைக்கக் கூடாதா, இது என்ன நிர்வாகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்கு முந்தின வருஷம், தங்கச்சி பிறந்தபோது, அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் விடிவதற்கு முன்பே மின்சார ரயிலுக்கு ஓடிவிடுவார்கள். நான் எட்டு மணி வரை தூங்குவேன். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டு அண்டாவில் தண்ணீர் இருந்தது. மொண்டு மொண்டு குடித்தேன். எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை.