முன்னால் போன மூட்டை

புதுக்கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்த கார்டில் நான்கே வரிகள். இன்டர்மீடியட் வகுப்பில் சேர வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தோடு நேரில் வரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த நான்காவது வரியை இருபது தடவைக்குக் குறையாமல் படித்திருப்பேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குக் கிழக்கே இரண்டு மைல். அங்கிருந்து புதுக்கோட்டைக்குக் காலை ஆறரைக்கு ஒரு பஸ், அடுத்தது பன்னிரண்டுக்கு. முதல் பஸ் பஞ்சரானால்? ஆலங்குடியில் அதிக நேரம் நின்றுவிட்டால்? கல்லூரி வாசலில் உள்ளே விடாவிட்டால்? மொத்தம் பதினொரு சந்தேகங்களை நோட்டில் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொல்லையில் மண்வெட்டியோடு நின்றவர் கடைசிவரை கேட்டார்.

"பன்னெண்டாவதா ஒண்ணு இருக்கு, எழுதிக்க. வெள்ளிக்கிழமை மேக்க சூலம்."

எனக்கு அதுவரை தோன்றாத பயம் அது. புதுக்கோட்டை மேற்கேதான் இருந்தது.

"அதுக்கு ஏன்டா மொகம் இப்புடிப் போவுது? புதன்கிழமை நல்ல நேரத்துல ஒன் மூட்டைய முன்னாடி அனுப்பிருவோம். அப்பறம் வெள்ளிக்கிழமை நீ போறது பயணமே இல்ல, மூட்டை எடுக்கப் போறதுதான்."

பரஸ்தானம் என்பார்கள். பயணம் போகிறவனின் பொருள் ஒன்றை நல்ல நாளில் அந்தத் திசையிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. போகிற அன்று வழியில் எடுத்துக்கொள்வது. இடையில் அதை அவிழ்க்கக் கூடாது, வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரவும் கூடாது.

ஆத்தா ஒரு வேட்டியில் மஞ்சள் கிழங்கும் ஒரு பிடி பச்சரிசியும் வைத்துக் கட்டினாள். எனக்கு மனம் ஆறவில்லை. கல்லூரிக்குப் போகப்போவது வேட்டியா? நல்ல நேரத்தில் புறப்பட வேண்டியது எதுவோ அதுவல்லவா புறப்பட வேண்டும்? யாரும் பார்க்காதபோது முடிச்சை அவிழ்த்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வேட்டி மடிப்புக்குள் செருகி, மூன்று முடிச்சாகப் போட்டேன். அப்பா அதைக் கீரமங்கலத்தில் தமக்குப் பழக்கமான மளிகைக் கடைக்காரர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எலி கடித்திருக்குமோ, கூரை ஒழுகியிருக்குமோ என்று பன்னிரண்டு சந்தேகங்கள் இருபதாகின. சொல்லவும் முடியாது, போய் எடுக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை சூலத்துக்குப் பரிகாரமாக வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆறேகாலுக்குக் கடைக்காரர் வீட்டு வாசலில் நின்றோம். கதவில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "கறம்பக்குடியில அவரோட அக்கா புருசன் தவறிட்டாரு. நேத்து சாயங்காலமே குடும்பத்தோட வண்டி கட்டிப் போயிட்டாங்க."

"சரி, வேட்டிதானே. கெடக்கட்டும், வா" என்று அப்பா நடந்தார். நான் நகரவில்லை.

"என்னடா?"

"புத்தகம் அதுக்குள்ளதான் இருக்கு."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய் பஸ்ஸில் ஏற்றினார். "நீ போய் அங்கனயே நில்லு. நான் வாரேன்." டீக்கடைக்காரரின் சைக்கிளை அவர் வாங்கிக்கொண்டு வடக்கே மிதிப்பதைப் பின் கண்ணாடியில் பார்த்தேன். கறம்பக்குடி போய்வர இருபது மைலுக்கு மேல்.

கல்லூரியில் என் முறை வந்தபோது குமாஸ்தா கையை நீட்டினார். "புக்கு எங்கப்பா?"

"முன்னாடியே அனுப்பிட்டேன் சார்."

"எதுல, தபால்லயா?"

"இல்ல சார். கீரமங்கலத்துல ஒரு வீட்டுக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மூணு மணிக்கு லிஸ்ட் உள்ள போயிரும். அதுக்குள்ள கொண்டா."

வராந்தாவில் பதினெட்டுத் தூண்கள். ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு நடந்தேன். எத்தனை சுற்று என்று எண்ணத் தொடங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணிக்கை தவறியது. பன்னிரண்டு மணி பஸ்ஸை அப்பா பிடித்தாரா? சாவி கிடைத்ததா? சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாரா? கடைசிக் கேள்வி வந்ததும் இடம் போனாலும் போகட்டும் என்று அழுகை முட்டியது.

இரண்டரைக்கு அப்பா வந்தார். மூட்டையில் என் மூன்று முடிச்சுகளும் அப்படியே இருந்தன. நானே அவிழ்த்துப் புத்தகத்தை நீட்டினேன். குமாஸ்தா அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, மதிப்பெண்களைப் பார்த்து, பட்டியலில் என் பெயரை எழுதினார்.

வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடித்த பிறகுதான் அப்பா பேசினார். "பொணம் கூடத்துல கெடக்கு. அவரு தலையில துண்டப் போட்டு ஒக்காந்திருக்காரு. போயி சாவியக் குடுங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"மடியிலேருந்து எடுத்துத் தரையில போட்டாரு."

அதன் பிறகு அந்தக் கடைக்காரர் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. மூட்டையில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒரு வேட்டிக்காக இழவு வீட்டில் வந்து சாவி கேட்டவர் என்றே அப்பாவை நினைத்திருப்பார். அப்பாவும் போய் விளக்கவில்லை. தவறு என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும் என்று விடுமுறைகளில் ஏழு தடவை அந்தக் கடைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும்?" என்பார். ஏழு தடவையும் உப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.