உள்ளே இருக்கிறதா, மேலே இருக்கிறதா

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பொறுக்கி வாங்கிய தக்காளியையே வீட்டுக்கு வந்து மறுபடி புரட்டிப் பார்க்கிற ரகம். பெங்களூரில் ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் அந்தப் புத்திக்கென்றே ஒரு வேலை கிடைத்தது.

மூளையில் நரம்பணுக்களுக்குத் துணையாக வேறு செல்களும் உண்டு. வளரும் பருவத்தில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மேல் இணைப்புகள் முளைத்துவிடும். இந்தத் துணைச் செல்கள் வேண்டாததைத் தின்று களையெடுக்கும். சுண்டெலி மூளையின் மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றிப் படமெடுத்தால் துணைச் செல் பச்சையாகவும் இணைப்புகளின் துணுக்குகள் சிவப்புப் புள்ளிகளாகவும் தெரியும். பச்சைக்குள் போய்விட்ட சிவப்பை நான் எண்ண வேண்டும். மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது சேராது. படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எது எந்த எலி என்று தெரியாதபடி படங்களுக்கு வெறும் எண் மட்டும் போட்டிருப்பார்கள்.

அதே படங்களைத் தனியாக எண்ணுபவர், ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து வரும் சக ஊழியர். முதலில் எங்களுக்குள் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது என்று நான் கேள்விப்பட்ட பிறகு, அவருடைய எண்ணிக்கை என்னுடையதைவிட எகிறிக்கொண்டே போனது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் எதிர்பார்த்ததும் பெரிய எண்ணிக்கையைத்தான். காக்காய் பிடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். டீ குடிக்கும்போது அவர் சிரித்துப் பேசியதுகூட எனக்கு நடிப்பாகப் பட்டது. அவருக்கு நீட்டிப்புத் தருமுன் யோசியுங்கள் என்று பேராசிரியரிடமே போய்ச் சொன்னேன்.

பேராசிரியர் எங்கள் இருவர் தாள்களையும் என் முன் வைத்தார். ஒரே படத்தை வேறு எண் போட்டு இரண்டாம் முறையும் கொடுப்பது அங்கே வழக்கமாம். எண்ணுகிறவரிடம் சொல்ல மாட்டார்களாம். மாத ஆரம்பத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. சக ஊழியர் இரண்டு முறையும் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார். நான் முதலில் பன்னிரண்டு, பிறகு ஏழு.

படம் மாறவில்லை. நடுவில் அவர் மேல் எனக்கிருந்த நம்பிக்கைதான் மாறியது. உள்ளே இருந்ததையெல்லாம் மேலே இருப்பதாகவே பார்த்திருக்கிறேன். கூசிப்போய் எழுந்து வந்தேன்.

அவருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. மறுநாள் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“பரவால்லக்கா. நீங்க என்மேல சந்தேகப்படறீங்கன்னு தெரியும். அதனாலதான் ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி எண்ணுனேன்.”