தர்மன் அண்ணன் அடைத்த வால்வு

லெப்பைக்குடிக்காட்டில் நாங்கள் வீடு கட்டிய 1998-ல் பிளம்பரிடம் லைசென்ஸ் கேட்டவர் யாருமில்லை. தர்மன் அண்ணன் வந்தால் போதும் என்றிருந்தோம். ஒரு காலத்தில் வயல்வேலைக்குப் போனவர் அவர். போர்வெல் போடுகிறவர்களோடு திரிந்து, பைப்பு வெட்டவும் மரை போடவும் தானாகப் பழகிக்கொண்டார். அரபு நாட்டுப் பணத்தில் தெருத்தெருவாக மாடி எழும்பிய காலம். ஊரில் பாதிக் குளியலறை அவர் கைபட்டதுதான்.

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் சவூதியில். அதனால் அவர் வாசலிலேயே நின்று, "தாயி, தர்மன் வந்திருக்கேன்" என்று மூன்று தரம் குரல் கொடுப்பார். நானும் மாமியார் பாத்திமா பீவியும் உள் அறைக்குப் போன பிறகுதான் காலெடுத்து வைப்பார். எனக்கு வாய் நீளம். கதவுக்குப் பின்னாலிருந்தே அதிகாரம் செய்வேன். "அண்ணே, அந்தக் குழாய் கோணலா இருக்கு!" என்பேன். "நீ பாக்கவே இல்லியே தாயி, எப்படித் தெரிஞ்சுச்சு?" என்பார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

2003-ல் என் கணவர் அல்தாப் மச்சான் லீவில் வந்தபோது பெரிய கீசர் ஒன்று கொண்டுவந்தார். மாமிக்கு முழங்கால் வலி, வெந்நீர் வேண்டும். குளியலறை சின்னது என்று தர்மன் அண்ணன் அதைக் கொல்லைப்புறச் சுவரில் வெளியே மாட்டினார். மச்சான் திரும்பிப் போன மறுவாரமே, கீசரடியில் இருந்த சின்ன வால்வு சொட்ட ஆரம்பித்தது. தொழுகைக்குக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும்போதே ஒரு கை தண்ணீர் வீணானால் மனசு கேட்காத வீடு எங்களுடையது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே வேலை பாத்திருக்கீங்க? ஒழுகுது. அடைச்சு வுடுங்க."

"கம்பெனிக்காரன் எதுக்கோ வச்சிருக்கான் தாயி. யாரையாச்சும் கேட்டுட்டு வரேன்."

"யாரைப் போய்க் கேக்கப் போறீங்க? அடைங்கன்னா அடைங்க!"

ரப்பர் வைத்து, கம்பியால் இறுக்கி முறுக்கிவிட்டுப் போனார்.

டிசம்பர் குளிரில் ஒரு காலை, அவர் குரல் கொடுக்காமலேயே தடதடவென்று உள்ளே ஓடி வந்தார். நான் தலையில் துணியை இழுத்துக்கொண்டு கத்தினேன். பெரம்பலூரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மெக்கானிக் சொன்னாராம். தண்ணீர் அளவுக்கு மேல் சூடேறினால் அழுத்தம் வெளியேற அந்த வால்வுதான் வழி, அடைத்தால் டேங்க் வெடித்துவிடுமாம். "அம்மா எங்க?" என்றார். மாமி சுவருக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். கீசர் கடகடவென்று அதிர்ந்தது.

முதலில் சுவிட்சை அணைத்து, ஆட்களை விலக்கி, ஆறவிட வேண்டும். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொல்லைக்கு ஓடிக் கம்பியைப் பிடுங்கினார். கொதிநீர் அவர் வலது கையிலும் மார்பிலும் பீய்ச்சியது. அல்லாவே, அந்த அலறல்! மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மச்சான் சவூதியிலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கத்தினார். "அரைகுறையா வேலை கத்துக்கிட்டு எங்கம்மாவைக் கொல்லப் பாத்தியே! யாரைக் கேட்டு அடைச்ச?"

தர்மன் அண்ணன் என்னைப் பார்த்தார். "நானாத்தான் அடைச்சேன் பாய்" என்றார். எனக்கு இருக்கிற வாய்க்கு ஒரு சொல் வரவில்லை. மாமியாரைக் கொல்லப் பார்த்தவள் என்று எனக்குப் பேர் வந்துவிடுமே என்ற பயம்.

பிறகு ஊரில் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. மனைவி ஆண்டாயியின் ஊரான தா.பழூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

2007-ல் மாடி எடுத்தோம். திருச்சியிலிருந்து வந்த பிளம்பரிடம் மச்சான் பழைய கதையை ஆரம்பித்தார். "அந்த வால்வை அடைக்கச் சொன்னது நான்" என்றேன்.  மறுநாள் இருவரும் தா.பழூர் போனோம்.

தர்மன் அண்ணன் யாருடைய களத்திலோ நெல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். "வா தாயி, அம்மா நல்லா இருக்காங்களா?" என்று எழுந்தார். மச்சான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "அட, வுடுங்க பாய்" என்று அண்ணன் சிரித்தார். ஆண்டாயி அக்கா சிரிக்கவில்லை.

"கை மூணு மாசத்துல ஆறிடுச்சும்மா" என்றார் என்னிடம். "இந்த வார்த்தைய நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, நாங்க ஏன் ஊரை வுட்டு வரப் போறோம்?"