சுவரோர மணலில் குத்திய முத்திரை

காலை ஏழு மணி பத்து நிமிடம். மரக்காணம் உப்பள வரப்பில் நான் முதலில் பார்த்தது, பளபளக்கும் கறுப்பு ஷூ இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்த ஓர் அதிகாரியை. டெல்லியிலிருந்து வந்த தமிழர். மழையில் கரைந்த உப்பைப் பற்றிச் செய்தி எழுதப் போயிருந்த நான், உப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.

வெளிநாடு ஒன்றில் நம் தூதரகத்துக்குள் யாரோ இரவில் சுவரேறிக் குதித்து, தூதரின் நாற்காலியையும் டைப்ரைட்டரையும் தூக்கிப் போய்விட்டார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. யார் பொறுப்பு என்று மேலிருந்து ஒவ்வொரு படியாகத் தேடி இறங்கியவர்கள், அங்கிருந்த காவலாளி முன்பு இந்த அரசு உப்பளத்தில் காவல் பார்த்தவர் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அவருக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தவர் இந்த உப்பளத்தின் மேற்பார்வையாளர்.

"ரிட்டயராக நாலு மாசம்தான் சார் இருக்குது" என்றார் மேற்பார்வையாளர், யாரும் கேட்காமலே.

"இவனுக்குத் தெரியாம ஒரு உப்புக் குவியல்லயும் யாரும் கை வச்சதில்லன்னு எழுதியிருக்கீங்களே?"

"நெசம்தான் சார். சாயங்காலம் குவியலைச் சுத்தி மரமுத்திரை அடிச்சிடுவோம். எவனாவது தொட்டா அச்சு கலைஞ்சிடும். காலையில தெரிஞ்சிடும்."

"ராத்திரி?"

"தூங்குவான் சார். அதான் முத்திரை இருக்குதே."

அதிகாரி ஷூவைக் கீழே வைத்துவிட்டு ஃபைலைப் பிரித்து உரக்க வாசித்தார். தூதரகத்தில் காவலாளி சுவரோரம் மணலை நிரவி, தினமும் மாலையில் மரக்கட்டையால் அச்சு குத்தியிருக்கிறார். ஏதோ பூஜை என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. தூதரின் மனைவி பூ வைத்திருக்கிறார். திருட்டு நடந்த மறுநாள் விடிந்ததும், ‘முத்திரை கலைந்துள்ளது, ஆள் புகுந்தது உறுதி’ என்று காவலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பாத்தீங்களா சார், கரெக்டா சொல்லிட்டான்!" மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது.

இதையெல்லாம் கேட்டபடி உப்புக் கூடையோடு போன ஒரு பெண் நின்றாள். "ஏன் சார், அம்மாம் பெரிய நாற்காலிய தூக்கினு போறவரைக்கும் உங்க ஆளுங்கல்லாம் என்னா பண்ணாங்க?"

"தூங்கினாங்கம்மா. காவலாளி இருக்கான்னு."

"அப்ப அவங்களுக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தது?"

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. ஷூவைத் தேடினார், இரண்டும் வரப்புச் சேற்றில் பாதி புதைந்திருந்தன.

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். தூதரகப் பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டதாக நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள்.