மங்கலாய்த் தெரிந்த பாட்டுகள்

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தே என் காலம் போனது. இப்போது பேராதனையில் மகன் வீட்டில் இருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இலக்கம் மட்டும் தடையில்லாமல் வாசிப்பேன். பாட்டில் என்னை வெல்ல எங்கள் தோட்டத்தில் ஆளில்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

கனடாவிலிருந்து வந்த தங்கை மகன் நான் பாடிய மாரியம்மன் பாட்டுகளை எல்லாம் பதிந்தான். அவனுடையது இங்கே நாம் பாவிக்கிற மாதிரி இல்லாத, வேறு வகைக் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு எனக்குத் தொண்டையில் ஒப்பரேசன் நடந்தது. பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. ஆகவே என் பாட்டுக் குரல் அந்த விரல் நீளத் துண்டுக்குள் மட்டுந்தான் இருந்தது.

தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. ஸ்பீக்கரில் என் பாட்டுப் போகும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பழைய லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்த மதினியிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருந்தேன். காலை பஸ்ஸில் மருமகளோடு போய் இறங்கினேன்.

ஸ்பீக்கர்காரர் டிரைவைத் தன் லெப்டொப்பில் குத்தினார். ஒவ்வொன்றாகத் தட்டினார். சத்தமே இல்லை.

"பாட்டி, எல்லாத்தையும் வைரஸ் தின்னுருச்சு. பேரு மட்டுந்தான் மிச்சம். அழிச்சுக் கிளீன் பண்ணித் தாறேன், நீங்க திரும்பப் பாடிப் போட்டுக் குடுங்க."

மதினி தூணோரம் நின்றுகொண்டு கேட்டாள். "கனடாப் பாட்டு கண்டியிலேயே எறங்கிருச்சோ என்னமோ."

திரும்பப் பாட எங்கே தொண்டை இருக்கிறது? "அழிக்காதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

திரையில் பாட்டுகள் வரிசையாக நின்றன. எல்லாம் வெளுத்த சேலைபோல மங்கல். ஒவ்வொன்றுக்கும் நேரே வலப்பக்கத்தில் ஓர் இலக்கம். நாலு, நாலு, நாலு. மேலிருந்து கீழ்வரை நாலுதான்.

தோட்டத்தில் ஒருநாள் மழைக்குப் பயந்த கணக்கப்பிள்ளை ஒருவர் தராசைப் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே எடையை எழுதினார். கொழுந்து அப்படி நிறுபடாது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தாலும் கூடிக் குறைந்துதான் வரும். மற்றவர்கள் பேசாமல் போனார்கள். நான் மறுபடி நிறுக்க வைத்துவிட்டுத்தான் அசைந்தேன். அந்த ஞாபகம் வந்தது.

"அந்த நம்பர் என்னா புள்ள?" என்று மருமகளைக் கேட்டேன்.

"அது எவ்வளவு பெருசுன்னு காட்டுறது மாமி."

"நீட்டிப் பாடுன தேர்ப்பாட்டும் நாலு, துக்குனூண்டு தாலாட்டும் நாலா?"

அவள் குனிந்து பார்த்தாள். "அண்ணே, பாட்டுன்னா ஆயிரக்கணக்குலல்ல வரும். இது பாட்டே இல்ல போல. எல்லாப் பேருக்கும் முன்னால ஒரு புள்ளியும் கோடும் கெடக்கு. அதான் மேல வந்து நிக்குது. கீழ உருட்டுங்க."

உருட்டினார். மங்கலெல்லாம் முடிந்த இடத்தில் அதே பேர்கள் புள்ளியில்லாமல், பளிச்சென்று வந்தன. வலப்பக்கத்து இலக்கங்களில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

மருமகள் தங்கை மகனைப் போனில் பிடித்தாள். அவன் சிரித்தான். "பெரியம்மா, என்னோட மெசின் அடுத்தவங்க டிரைவுல எதைப் போட்டாலும் பக்கத்துல தனக்குன்னு ஒரு குறிப்பு எழுதி வச்சுக்கும். அதுல பாட்டு இருக்காது. வழக்கமா கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சுதான் கெடக்கும். அவரு எப்புடிப் பாத்தாரு?"

ஸ்பீக்கர்காரர் தலையைச் சொறிந்தார். "ஒளிஞ்சிருக்கிற எல்லாத்தையும் காட்டுற மாதிரி நாந்தான் வச்சிருக்கேன். வைரஸ் இருந்தா தெரியட்டுமேன்னு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு நாளா மத்தவங்க டிரைவுல வைரஸுன்னு அழிச்சதெல்லாம்..." என்று இழுத்தார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. தேர்ப்பாட்டைப் போடுங்க."

போட்டார். ஒப்பரேசனுக்கு முந்திய என் குரல், கொஞ்சமும் தேயாமல், கோயில் கூரையைத் தாண்டி எதிர்மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மதினி தூணை விட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒங்க தொண்டையா மதினி அது?" என்று என்னைக் கேட்டாள்.

"பின்ன ஆரோடது?"

அன்னதானத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மதினி எழும்பப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்னும் நிறையப் பாட்டு இருந்தது.