மூக்கு வைத்த ஒன்று

அன்று காலை நில அளவை அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அதிகாரி, வாசலில் நின்ற சேவகர், நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர், நான். பிரெஞ்சுக்காரன் ஆட்சியிலிருந்த வில்லியனூர் பக்கத்து வயல்களை அளக்க உதவியாள் தேவை. வேலை ஒன்று, வந்தவர்கள் இருவர்.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் ஊர்ப் பள்ளியில் நான்காம் பாரத்தை, அதாவது ஒன்பதாம் வகுப்பை, பாதியில் விட்டவன். இதுவும் போனால் அக்காள் வீட்டில் இன்னும் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? அக்காள் புருஷன் கொடுத்த கடனில் சட்டையும் காலுக்குச் சப்பாத்தும் வாங்கியிருந்தேன். சப்பாத்து குதிகாலைக் கடித்தது.

"இன்னாபா, காலு புதுசா?" என்றார் நெட்டப்பாக்கத்தார்.

அதிகாரி பரீட்சைக்கென்று பலகையில் எழுதிய கணக்கைத் தாளில் இறக்கினேன்: x² + 6x + 77. இதை (x + a)² + b என்று மாற்ற வேண்டும். விரித்தால் x² + 2ax + a² + b. x-இன் கெழுக்களை ஒப்பிட்டால் 2a = 6, ஆகவே a மூன்று. a² + b = 77, ஆகவே b அறுபத்தெட்டு.

என் கை மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. x-க்கு ஒன்று போட்டேன். இரண்டு பக்கமும் எண்பத்து நான்கு. மைனஸ் மூன்று போட்டேன். இரண்டு பக்கமும் அறுபத்தெட்டு.

"பதினோரு மணிக்குத் தாளை வாங்கிடுவாரு. பலகையிலயே போட்டுகிறாரு பாரு," என்றார் சேவகர்.

பார்த்தேன். மூலையில் 77 h. h என்றால் மணி. எழுபத்தேழு மணி ஏது?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் ஒன்றின் தலையில் ஒரு சாய்கோடு இழுத்து மூக்கு வைப்பார்கள். ஏழு என்றால் நடுவில் குறுக்குக் கோடு. எங்கள் பள்ளியில் ஒன்று வெறும் கோடுதான். பலகையில் இரண்டு இடத்திலும் இருந்தது பதினொன்று.

b = 2 என்று அடித்து எழுதினேன். மேலே இருந்த எழுபத்தேழைத் திருத்துவதற்குள் சேவகர் தாளை உருவிவிட்டார்.

"எழுபத்தேழுல ஒம்போது போனா ரெண்டா?" என்றார் அதிகாரி. "யாரைப் பாத்து எழுதின?"

"என்னுது ரெண்டுதாங்க," என்றார் நெட்டப்பாக்கத்தார், கேட்காமலே.

"பாக்கலைங்க ஐயா. உங்க ஒண்ணை ஏழுன்னு நெனைச்சிட்டேன்."

"அப்ப இக்ஸுக்கு ரெண்டு போட்டு வாயால சொல்லு."

"நாலு, பன்னெண்டு, பதினொண்ணு... இருபத்தேழு. அந்தப் பக்கம் அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, ரெண்டு சேத்தா இருபத்தேழு."

அவர் நம்பினார். "கணக்கு வருது. என் எழுத்து வரலை. நீ எழுதினா பதினோரு குழி நெலம் எழுபத்தேழு குழி ஆயிடும்பா."

வேலை நெட்டப்பாக்கத்தாருக்குப் போனது. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வீடு வந்தேன்.

"கெடைச்சிதா?" என்றார் அக்காள் புருஷன். நான் சப்பாத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்திருந்த ஏழு ரூபாயில் பிறகு இரண்டு அடைத்தேன். ஐந்து ரூபாய் இன்றும் பாக்கி.